பக்கத்துக் காட்டில் தீ, வளாகம் முழுக்கப் புகை: என்னென்ன செய்து வைக்க வேண்டும்

2018 நவம்பர் 8ஆம் தேதி காலையில் வடக்குக் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர்ப்பக்கம் தீப்பிடித்தது. கேம்ப் ஃபயர் என்று பேர் வைத்தார்கள். 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின. நான் அப்போது படித்துக்கொண்டிருந்த கல்லூரி அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில். எங்களில் யாரும் ஒரு பொறி நெருப்பைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அன்று பிற்பகலே வானம் பழுப்பாகிவிட்டது, அடுத்த இரண்டு வாரமும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

முதல் வாரம் எங்கள் வளாகத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வகுப்பு வழக்கம்போல நடந்தது, மைதானத்தில் பயிற்சியும் நடந்தது. விடுதியில் ஏசி கிடையாது, ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புகை. என் பக்கத்து அறைப் பெண்ணுக்கு ஆஸ்துமா. இரண்டு இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். நூலகத்தின் மேல்தளத்தில் நல்ல ஃபில்ட்டர் போட்ட காற்று ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. நடந்தால் ஐந்து நிமிடம். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியது யார் என்பதே முடிவாகியிருக்கவில்லை.

படிப்பு முடிந்து விடுதி நிர்வாக வேலைக்கே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பார்த்த தீக்காலங்களில் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன். கலிபோர்னியா, ஓரிகான் பக்கம் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள், அவர்களின் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர்கள், கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள், எல்லோருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீ வேறு, புகை வேறு. தீ நெருங்கினால் பெரும்பாலும் கிளம்பிப் போக வேண்டும், அதுவும் சீக்கிரமே. புகை மட்டும் என்றால் உள்ளேயே இருந்து உள்காற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு, புகை வந்ததும் பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இன்னும் மோசமான புகைக்குள் அனுப்புகிற வேலையும் நடக்கும், தீ மலையைத் தாண்டிவிட்ட பிறகும் "ஜன்னலை மூடிக்கொண்டு இருங்கள்" என்று செய்தி அனுப்புகிற வேலையும் நடக்கும். எந்தத் திட்டம் எப்போது என்பதை நெருப்பு இல்லாத மாதத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

எந்த எண்ணில் என்ன செய்வது

புகையில் நம்மைக் கெடுப்பது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். 2.5 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியிலோ தொண்டைச் சளியிலோ நிற்காமல் நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். புகை நாட்களில் பெரும்பாலும் இதை வைத்துத்தான் ஏக்யூஐ, அதாவது காற்றின் தரத்தைச் சொல்லும் எண், கணக்குப் போடுகிறார்கள். எண் ஏற ஏறக் காற்று மோசம்.

நாங்கள் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன், உங்கள் வளாகத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் தனிச் செய்தி போகும், சுத்தக் காற்று அறை திறக்கும். 150ஐத் தாண்டினால் மைதானப் பயிற்சி, வெளியில் நடக்கும் விழா, வெளி ஆய்வு எதுவும் கிடையாது, மாஸ்க் கொடுக்க ஆரம்பிப்போம். 200ஐத் தாண்டினால் ஃபில்ட்டர் சரியாக உள்ள கட்டடங்களில் மட்டும் வகுப்பு, மற்றவை ஆன்லைனில். 300க்கு மேல் போனால் சமையல், பாதுகாப்பு, மருத்துவம் போன்ற கட்டாய வேலைகளைத் தவிர எல்லாம் நிறுத்தம்.

எண்ணைவிட முக்கியம், அதைப் பார்த்து முடிவு சொல்லும் ஆள் யார் என்பது. ஒரு பெயர், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்த பெயர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாவது பெயர். காலை ஐந்தரைக்குப் பார்த்து ஆறரைக்குள் செய்தி போய்விட வேண்டும், ஏனென்றால் தூரத்திலிருந்து வண்டி ஓட்டி வருகிறவர்கள் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்கு அறிவித்தால் அதற்குள் அவர்கள் இரண்டு மணி நேரம் புகையில் வந்து சேர்ந்திருப்பார்கள், மறுபடி அதே புகையில் திரும்பிப் போக வேண்டும்.

வகுப்பை ரத்து செய்வதைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2018இல் புகை மிகவும் மோசமானபோது, நவம்பர் 15, 16 தேதிகளில் பே ஏரியாவில் பல கல்லூரிகள் வகுப்பை ரத்து செய்தன. பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் ஆண்டுதோறும் மோதும் பெரிய கால்பந்தாட்டத்தையே நவம்பர் 17இலிருந்து டிசம்பர் 1க்குத் தள்ளிப் போட்டார்கள். ரத்து செய்தது சரிதான். ஆனால் ரத்து செய்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யோசித்தீர்களா? வீட்டிலிருந்து வருகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். விடுதிப் பிள்ளைகள், ஃபில்ட்டர் உள்ள வகுப்பறையை விட்டு ஃபில்ட்டரே இல்லாத அறைக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அதனால் "வகுப்பு இல்லை" என்ற செய்தியிலேயே "இந்தக் கட்டடம், இந்தத் தளம், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை திறந்திருக்கும்" என்ற வரியும் இருக்க வேண்டும். வராதவர்களிடம் மருத்துவச் சீட்டு கேட்கக் கூடாது, அதுவும் அதே செய்தியில் இருக்கட்டும். மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் மூச்சுத் திணறலோடு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரு தகவல். இந்தியாவின் ஏக்யூஐ கணக்கும் அமெரிக்காவின் ஏக்யூஐ கணக்கும் ஒன்றல்ல. ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால் இந்தியக் கணக்கில் அது 100, "பரவாயில்லை" என்ற வகையிலேயே இருக்கும். அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150ஐத் தாண்டி, எல்லோருக்கும் கெடுதல் என்ற சிவப்பு நிறத்துக்கு வந்துவிடும். பிள்ளை 160 என்று சொன்னால் "டெல்லியில் 300 இருக்கிறதே, அவர்கள் எல்லாம் இல்லையா" என்று சமாதானம் சொல்லாதீர்கள். செல்பேசிச் செயலி எந்த நாட்டுக் கணக்கைக் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் மைக்ரோகிராம் எண்ணையே பாருங்கள்.

எங்கே பார்ப்பது? அரசு நடத்தும் ஏர்நவ் தளத்தில் தீ-புகை வரைபடம் என்று தனியாக இருக்கிறது. அதில் அரசு நிலையங்களோடு மக்கள் வீட்டில் மாட்டியிருக்கும் பர்ப்பிள்ஏர் சென்சார்களின் அளவும் வரும். பர்ப்பிள்ஏரைத் தனியாகப் பார்த்தால் புகை நாட்களில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், இந்த வரைபடத்தில் அதைத் திருத்திப் போடுகிறார்கள். வளாகத்திலேயே இரண்டு சென்சார் வாங்கி ஒன்றை வெளியிலும் ஒன்றை உள்ளேயும் மாட்டுங்கள். வெளியே 200, உள்ளே 180 என்று காட்டினால் அந்தக் கட்டடத்தின் ஃபில்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அங்கே பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரயோசனமில்லை.

சுத்தக் காற்று அறை

எல்லாக் கட்டடத்தையும் சரி செய்யப் பணம் இருக்காது. ஒரு கட்டடத்தைச் சரி செய்யலாம். நூலகம் நல்லது, பெரிது, இரவிலும் திறந்து வைக்கலாம், பிளக் பாயிண்ட் இருக்கும், கழிவறை இருக்கும். ஏசி கட்டாயம் வேண்டும். கலிபோர்னியாவில் 2020 ஆகஸ்டு, செப்டம்பரில் கடும் வெயிலும் புகையும் ஒன்றாக வந்தன. அந்த மாதிரி நாளில் ஏசி இல்லாத அறையை மூடிவைத்தால் புகைக்குப் பதில் வெக்கையில் மயங்கி விழுவார்கள்.

பராமரிப்புப் பிரிவிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: காற்றோட்ட இயந்திரத்தில் நுண்துகளையும் பிடிக்கும் மெர்வ்-13 தர ஃபில்ட்டர் போட முடியுமா? பழைய விசிறி மோட்டார் சில இடங்களில் அந்த அடர்த்தியைத் தாங்காது, அதை அவர்கள்தான் சொல்ல முடியும். போட முடியுமென்றால் இரண்டு முறை மாற்றும் அளவுக்கு வசந்த காலத்திலேயே வாங்கி அடுக்கி வைத்துவிடுங்கள். புகை வந்த இரண்டாம் நாள் கடையில் ஒன்றும் கிடைக்காது. புகை நாட்களில் ஃபில்ட்டர் மாதக்கணக்கில் எல்லாம் தாங்காது, கறுத்துப்போயோ புகைவாடை அடித்தோ இருந்தால் உடனே மாற்றிவிட வேண்டியதுதான்.

வெளிக்காற்றை உள்ளே விடும் அடைப்பானைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முழுதாக அடைத்துவிடக் கூடாது. கழிவறை, சமையலறை விசிறிகள் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்பக் கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக வடிகட்டாத புகை உள்ளே வரும். ஃபில்ட்டர் வழியாகக் கொஞ்சம் வெளிக்காற்று வந்து, கட்டடத்துக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதுதான் நல்லது. அப்புறம் கதவு. யாராவது கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான், மொத்த வேலையும் வீண். ஒரு வாசலை மட்டும் திறந்து, அங்கே ஒரு ஆளை உட்கார வையுங்கள்.

ஆய்வகக் கட்டடங்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வேதியியல் ஆய்வகங்களில் நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவை ஓடுவதற்கு வெளிக்காற்றைத்தான் பெரிய அளவில் உள்ளே இழுக்க வேண்டும், உள்காற்றையே சுழலவிட முடியாது. அதனால் வளாகத்திலேயே புதிய, பளபளப்பான ஆய்வகக் கட்டடம் புகை நாளில் மிக மோசமான இடமாகிவிடும். வெளிக்காற்றை மூடினால் பெட்டி சரியாக இழுக்காது, ஆபத்து. அபாயமான சோதனைகளை நிறுத்தி, இரசாயனங்களை மூடிவைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றுவதுதான் அங்கே பதில்.

விடுதி அறையில்

இனி மாணவர்களுக்கு நேரடியாக. ஜன்னலை மூடி, இடுக்கில் டேப் ஒட்டுங்கள். ஜன்னல் ஏசி இருந்தால் வெளிக்காற்று விடும் பொத்தானை மூடிவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் ஏர்கூலர் வெளிக்காற்றைத்தான் இழுக்கும், அதை நிறுத்திவிடுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதென்றால் பெட்டியின் மேல் சிஏடிஆர் என்று ஒரு எண் போட்டிருக்கும், எவ்வளவு வேகத்தில் சுத்தக் காற்றைத் தரும் என்பதற்கான அளவு அது. புகைக்கான சிஏடிஆர் எண், அறையின் சதுர அடிக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 150. ஓசோன் விடும் கருவிகளைத் தொடாதீர்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல்.

வாங்கப் பணமில்லை என்றால் செய்துகொள்ளலாம். 2020இல் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும் ஜிம் ரோசந்தால் என்ற ஃபில்ட்டர் தயாரிப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது, இரண்டு பேர் பெயரையும் சேர்த்து கோர்சி-ரோசந்தால் பெட்டி என்கிறார்கள். 20 அங்குலச் சதுர விசிறி ஒன்று, அதே அளவில் மெர்வ்-13 ஃபில்ட்டர் நான்கு, அட்டை, அகல டேப், இவ்வளவுதான். நான்கு ஃபில்ட்டரையும் நான்கு சுவராக நிறுத்தி, அடியில் அட்டையை ஒட்டி, மேலே விசிறியை மேல்நோக்கிக் காற்றைத் தள்ளும்படி வைத்து எல்லா இடுக்கையும் டேப்பால் அடைக்க வேண்டும். ஃபில்ட்டரின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது பெட்டிக்குள்ளே பார்த்தபடி இருக்க வேண்டும். இதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். விசிறியின் நான்கு மூலையையும் மறைத்து நடுவில் வட்டமாகத் திறந்த ஒரு அட்டையை ஒட்டினால் இன்னும் நன்றாக இழுக்கும். 2012க்கு முந்தைய பழைய விசிறியைப் பயன்படுத்த வேண்டாம், மோட்டார் சூடாகித் தீப்பிடிக்கலாம். ஓடவிட்டுவிட்டு ஆளில்லாமல் போகாதீர்கள், தூங்கும்போதும் நிறுத்திவிடுவது நல்லது. நாங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து இருபது பெட்டி செய்து வைத்துவிடுகிறோம், அரை நாள்கூட ஆகாது.

அப்புறம், நம் பிள்ளைகளுக்கென்று ஒன்று. புகை நாளில் அறைக்குள் ஊதுபத்தி, சாம்பிராணி, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். தாளிப்பதும் வறுப்பதும் அப்பளம் பொரிப்பதும்கூட வேண்டாம், இரண்டு நாள் தயிர்சாதமும் ரசமும் போதும். மூடிய அறையில் எண்ணெய்ப் புகையும் அதே நுண்துகள்தான். வெளிப்புகை வாடையை மறைக்க ஊதுபத்தி கொளுத்தியவர்களின் அறையில் சென்சார் வெளியைவிட அதிகமாகக் காட்டியதை நானே பார்த்தேன்.

புகையில் அறையின் தீ அலாரம் வெறுமனே அடிக்கலாம். நான்கு தடவை அடித்த பிறகு ஐந்தாவது தடவை யாரும் எழுந்து வர மாட்டார்கள், யாராவது அதன்மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிடுவார்கள். உறை கட்டவே கூடாது. வெறும் அலாரம் என்றால் அதை விடுதி ஊழியர் வந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் செய்தி அனுப்ப வேண்டும், அப்போதுதான் அடுத்த முறையும் நம்பி வெளியே வருவார்கள்.

மாஸ்க்

துணி மாஸ்க் போதாது. அறுவை சிகிச்சைக்குப் போடும் நீல மாஸ்க் போதாது. கைக்குட்டையை நனைத்துக் கட்டுவதும் போதாது, அது மனதுக்கு ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான். என்95 வேண்டும், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை, நயோஷ் என்கிற அமெரிக்க அரசு அமைப்பின் முத்திரை. கிடைக்காவிட்டால் கேஎன்95 அல்லது எஃப்எஃப்பி2. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், புகைக்காலம் முடியும் வரை மழித்துவிடுவது நல்லது. வால்வு உள்ள என்95 தொற்றுநோய்க் காலத்தில் வேண்டாம் என்றார்கள், புகைக்கு அது தாராளமாகப் போதும். வளாகத்தில் தலைக்கு மூன்று என்ற கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டால் முதல் வாரத்தைச் சமாளிக்கலாம்.

வெளியில் வேலை செய்கிறவர்கள்

வகுப்பை ரத்து செய்துவிட்டு, அதே நேரத்தில் தோட்டத் தொழிலாளர்களை இலை ஊதும் இயந்திரத்தோடு வெளியே நிற்க வைத்திருந்த கல்லூரியை நான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பெரிய தவறு! கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கால்-ஓஷா என்கிற தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் விதிப்படி, வெளியில் வேலை நடக்கும் இடத்தில் பிஎம் 2.5க்கான ஏக்யூஐ 151ஐத் தொட்டால் வேலை கொடுப்பவர் என்95 கொடுத்தாக வேண்டும், போட்டுக்கொள்வது தொழிலாளியின் விருப்பம். 500ஐத் தாண்டினால் போட்டே ஆக வேண்டும். சட்டம் குறைந்தபட்சம்தான். புல் வெட்டுவது, இலை ஊதுவது எல்லாம் நான்கு நாள் கழித்து நடக்கட்டும். அவர்களுக்கும் சுத்தக் காற்று அறையில் இடம் உண்டு என்பதை அவர்கள் பேசும் மொழியில் சொல்லுங்கள், அங்கே பெரும்பாலும் ஸ்பானிஷ். ஒப்பந்தக்காரர் மூலமாக வருகிறவர்களை "அவர்கள் நம் ஆட்கள் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

சமையல்கூட ஊழியர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தீ அவர்கள் வீட்டுப் பக்கம் இருக்கலாம், வர முடியாமல் போகலாம். 2018இல் பாரடைஸுக்குப் பக்கத்து ஊரான சீக்கோவில் இருக்கும் அரசுக் கல்லூரி, நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை முடியும் வரை மூடியே இருந்தது, அங்கே எத்தனையோ பேர் வீட்டை இழந்திருந்தார்கள். அடுப்பு மூட்டாமல் கொடுக்கக்கூடிய மூன்று நாள் உணவு கையிருப்பில் இருக்கட்டும்.

தீயே நெருங்கினால்

அமெரிக்க வானிலைத் துறை "ரெட் ஃப்ளாக் வார்னிங்" கொடுத்தால், காய்ந்த பலத்த காற்று அடிக்கப் போகிறது, ஒரு பொறி விழுந்தாலும் பரவும் என்று பொருள். அந்தக் காற்றுக்குக் கலிபோர்னியாவின் தெற்கே சாண்டா ஆனா, வடக்கே டயாப்லோ என்று பேர். அன்றைக்கே வண்டிக்கு எரிபொருள் நிரப்பி, செல்பேசியைச் சார்ஜ் போட்டுவிடுங்கள், ஏனென்றால் காற்று நாட்களில் மின்கம்பியிலிருந்து தீப்பிடிக்காமல் இருக்க மின் நிறுவனமே கரண்டை நிறுத்திவிடும். 2019 அக்டோபரில் பெர்க்லி வளாகமே அப்படி இருண்டது. லிஃப்ட் நிற்கும், அட்டையைத் தேய்த்துத் திறக்கும் கதவு திறக்காமல் போகலாம், ஆய்வக உறைபெட்டிகளில் உள்ளவை உருகும். சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவர் நான்காவது மாடியில் இருந்தால் அன்று மாலையே அவரைக் கேட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கலிபோர்னியாவில் இரண்டு சொற்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். "எவாக்குவேஷன் வார்னிங்" என்றால் தயாராகு, மெதுவாக நடக்கிறவர்கள் இப்போதே கிளம்பட்டும். "எவாக்குவேஷன் ஆர்டர்" என்றால் எல்லோரும் இந்த நிமிடமே கிளம்ப வேண்டும், சட்டப்படியான கட்டளை. உங்கள் வளாகம் எந்த மண்டல எண்ணில் வருகிறது என்று ஜெனசிஸ் ப்ரொடெக்ட் வரைபடத்தில் முன்பே பார்த்து, அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அறிவிப்பில் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். வாட்ச் டியூட்டி என்ற செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள், லாப நோக்கமில்லாதவர்கள் நடத்துவது, தீ எங்கே நிற்கிறது என்று வரைபடத்தோடு சொல்லும்.

என்னைக் கேட்டால் ஒரு வளாகத்தின் திட்டம் நல்லதா இல்லையா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்: கார் இல்லாத பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கார் இல்லை. போக உறவுக்காரர் வீடும் இல்லை. "அனைவரும் வளாகத்தை விட்டு வெளியேறவும்" என்ற செய்தி வந்ததும், கார் உள்ளவர்கள் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள், இவர்கள் பையோடு வாசலில் நிற்பார்கள். 2020 ஆகஸ்டில் சாண்டா குரூஸ் மலைகளில் மின்னல் விழுந்து பரவிய தீயால் அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தையே காலி செய்தார்கள், கொரோனா காலம் என்பதால் அப்போது விடுதியில் ஆட்கள் குறைவு. நிறைந்த விடுதியோடு அதைச் செய்ய வேண்டி வந்தால்? பேருந்து யாருடையது, ஓட்டுநர் இரவு இரண்டு மணிக்கு வருவாரா, எந்த ஊர்க் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் படுக்க இடம், இவை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் இதில் நிறையச் செய்யலாம். யாரிடம் கார், எத்தனை இருக்கை, கார் இல்லாதவர் யார் யார் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் போட்டு, நான்கு பேருக்கு ஒரு கார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுக்கும் பையில் பாஸ்போர்ட், மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம், வேலை அனுமதி அட்டை இருந்தால் அது, மருந்துகள், இன்ஹேலர், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்று உடை, தண்ணீர், என்95. ஆவணங்களைப் படம் பிடித்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காரில் போகும்போது கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்று சுழலும்படி வையுங்கள்.

போகாமல் இருப்பதும் சில இடங்களில் சரியான திட்டம்தான். மாலிபுவில் இருக்கும் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துக்குப் போக வர கடலோர நெடுஞ்சாலை ஒன்று, மலைப்பாதை ஒன்று, அவ்வளவுதான். 2018 நவம்பரில் வுல்ஸி தீ வந்தபோது ஊரே அந்த நெடுஞ்சாலையில் சிக்கி நின்றது. பெப்பர்டைன் மாணவர்களை நூலகத்திலும் உணவுக்கூடக் கட்டடத்திலும் கூட்டி வைத்துக்கொண்டது. தீ வளாகத்தின் ஓரம் வரை வந்தது, பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2024 டிசம்பரில் ஃப்ராங்க்ளின் தீயின்போதும் அப்படியே செய்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை எரிகிறதைப் பார்த்த பிள்ளைகளும் பெற்றோரும் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது, கடும் விமர்சனமும் வந்தது. ஆனால் தீயணைப்புத் துறையோடு பேசி முன்பே வகுத்த திட்டம் அது, கட்டடங்கள் தீயைத் தாங்கும்படி கட்டப்பட்டவை, சுற்றிலும் புதரை ஆண்டுதோறும் வெட்டிவிடுகிறார்கள். இந்த மூன்றும் இல்லாத வளாகம் "பெப்பர்டைன் செய்தது, நாமும் இங்கேயே இருப்போம்" என்று முடிவெடுக்கக் கூடாது.

கோடைக்கு முன்னால்

கட்டடங்கள் பெரும்பாலும் எரிவது நெருப்புச் சுவர் வந்து மோதி அல்ல, காற்றில் பறந்து வரும் கங்குகளால். கங்கு ஒரு மைலுக்கு மேல்கூடப் பறக்கும், கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் தகரத்தில் தேங்கிய சருகில் விழும், காற்றுத் துவாரம் வழியாகக் கூரைக்குள் புகும். அதனால் ஏணி வைத்துச் சருகை அள்ளுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பெரிய வேலை. சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம், அழகுக்குப் போடும் மரப்பட்டைத் தூளும் வேண்டாம், கல்லோ ஜல்லியோ போடுங்கள். 100 அடி வரை புதரை இடைவெளி விட்டு வெட்டி வையுங்கள். காற்றுத் துவாரங்களுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை. சரிவான இடங்களுக்கு ஆடு விடலாம். பெர்க்லி மலைமேல் இருக்கும் தேசிய ஆய்வகம் பல ஆண்டுகளாக ஆட்டு மந்தையை வாடகைக்குக் கொண்டுவந்து புல்லை மேயவிடுகிறது, மாணவர்கள் அதை வேடிக்கை பார்க்கப் போவார்கள்.

திரும்பி வந்த பிறகு

புகை கலைந்ததும் உடனே ஜன்னலைத் திறந்து அறையைக் காற்றாட விடுங்கள், எண் குறைந்த நேரம் பார்த்து. சாம்பலை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், இலை ஊதும் இயந்திரம் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடையுங்கள், கையுறையும் என்95உம் போட்டுக்கொண்டு. வீடுகள் எரிந்த சாம்பலில் பெயிண்ட், பேட்டரி, பிளாஸ்டிக் எல்லாம் எரிந்து கலந்திருக்கும், காட்டுச் சாம்பல் மாதிரி நினைக்க வேண்டாம்.

தீ வளாகத்துக்குள்ளேயோ பக்கத்துத் தெருவிலோ வந்திருந்தால் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். 2017இல் சாண்டா ரோசாவிலும் 2018இல் பாரடைஸிலும் தீக்குப் பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். காய்ச்சினால் பென்சீன் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள், காய்ச்சும்போது அது ஆவியாகி நீங்கள் மூச்சிழுக்கும் காற்றில் கலக்கும். குடிநீர்த் துறை சோதித்துச் சரி என்று சொல்லும்வரை பாட்டில் தண்ணீர்தான், சமைக்கவும் பல் தேய்க்கவும்கூட.